வலிக்காத புண்: பால்வினைத் தொற்றுகளின் இயல்பும் தடுப்பும்

பால்வினைத் தொற்றுகள் உடலுறவின்போது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் செல்பவை. பிறப்புறுப்பு, ஆசனவாய், வாய் என எவ்வழி உறவிலும் அவை பரவலாம். இப்படிப் பரவக்கூடிய பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி வகைகள் முப்பதுக்கும் மேல் உண்டு என்றாலும், பாதிப்பின் பெரும்பகுதி எட்டு கிருமிகளால் வருவது. சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா, டிரைக்கோமோனியாசிஸ் ஆகிய நான்கும் மருந்தால் முற்றிலும் குணமாகக் கூடியவை. ஹெபடைடிஸ் பி, ஹெர்ப்பிஸ், எச்.ஐ.வி., எச்.பி.வி. ஆகிய நான்கும் வைரஸ்கள். அவற்றில் ஹெபடைடிஸ் பி, எச்.பி.வி. இரண்டுக்கும் தடுப்பூசி இருக்கிறது. மற்ற இரண்டையும் மருந்தால் அடக்கி வைக்க முடிகிறது. குணமாகக்கூடிய அந்த நான்கு தொற்றுகள் மட்டும் 2020இல் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களிடையே 37.4 கோடி முறை புதிதாக ஏற்பட்டிருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நாள் ஒன்றுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகம்.

இவ்வளவு பேருக்கு வரும் நோய் ஏன் கண்ணில் படுவதில்லை என்ற கேள்வியிலிருந்துதான் இந்தத் தொற்றுகளைப் புரிந்துகொள்ளத் தொடங்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இவை எந்தத் தொல்லையும் தருவதில்லை. தந்தாலும் அது லேசாக வந்து தானாகவே மறைந்துவிடுகிறது. காலராக் கிருமி தண்ணீர் வழியே போகும். மலேரியாவுக்குக் கொசு இருக்கிறது. பால்வினைக் கிருமிகளுக்கு அப்படி வேறு வாகனம் பெரும்பாலும் இல்லை. நோயாளி நடமாடிக்கொண்டும் உறவு கொண்டும் இருந்தால்தான் அவை அடுத்த உடலை அடைய முடியும். ஆளைப் படுக்கையில் தள்ளும் கிருமி இந்த வழியில் வெகுதூரம் போகாது. ஆகவே நீண்ட காலம் சத்தமில்லாமல் தங்கியிருப்பது இவற்றின் பிழைப்பு முறையாகவே ஆகிவிட்டது.

பெண் உடலில் இந்த மறைவு இன்னும் கூடுதல். ஆணின் சிறுநீர்ப் புறவழியில் கொனோரியா தொற்றினால் சிறுநீர் கழிக்கும்போதே எரிச்சல் காட்டிக்கொடுத்துவிடும். பெண்ணுக்குத் தொற்று குடியேறுவது பெரும்பாலும் கருப்பை வாயில். அது கண்ணுக்குத் தெரியாத இடம். வலியை உணரும் நரம்புகளும் அங்கே குறைவு. ஒரே கிருமி கணவனை மூன்றே நாளில் மருத்துவரிடம் விரட்டும். மனைவிக்கு மூன்று ஆண்டுகள் கழித்துக் குழந்தையின்மையாக வெளிப்படும்.

சிபிலிஸ்

ஒளிந்துகொள்ளும் இந்த இயல்பை மிகத் தெளிவாகக் காட்டும் நோய் சிபிலிஸ். தமிழில் மேகப்புண் என்றும் கிரந்தி என்றும் இது வழங்கிவந்தது. காரணமான டிரெப்போனீமா பாலிடம் என்ற சுருள் வடிவக் கிருமியை 1905இல் பெர்லினில் ஷாவ்டின், ஹாஃப்மன் ஆகிய இருவர் கண்டறிந்தனர். சாதாரண நுண்ணோக்கியில் எளிதில் புலப்படாத அளவுக்கு மெல்லிய கிருமி இது. ஆய்வகத்தில் இதைத் தொடர்ந்து வளர்க்கும் முறை 2018இல்தான் கைகூடியது.

கிருமி உடலில் நுழைந்து சராசரியாக மூன்று வாரத்தில், சிலருக்கு மூன்று மாதம் வரை கழித்து, அது புகுந்த இடத்தில் ஒரு புண் தோன்றும். பெரும்பாலும் ஒன்றே ஒன்று. விளிம்பு கெட்டியாக இருக்கும், சீழ் இருக்காது, வலியும் இருக்காது. ஆண்களுக்கு அது வெளியே தெரியலாம். பெண்ணுறுப்பின் உட்பகுதியிலோ, ஆசனவாய்க்குள்ளோ, வாய்க்குள்ளோ வந்தால் யாருக்கும் தெரியாமலே போகும். தொடையிடுக்கில் லேசாக நெறி கட்டும். மூன்று முதல் ஆறு வாரத்தில் எந்த மருந்தும் இல்லாமல் புண் ஆறிவிடும். நூற்றாண்டுக் கணக்கில் எத்தனையோ களிம்புகளும் லேகியங்களும் பாதரசச் சூரணங்களும் பெயர் வாங்கியது இந்த இடத்தில்தான். தானாக ஆறும் புண்ணை எந்த மருந்தும் ஆற்றியதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

சில வாரங்கள் கழித்து இரண்டாம் கட்டம் வரும். உடலெங்கும் அரிப்பில்லாத தடிப்புகள் தோன்றும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை வருவது முக்கியமான அடையாளம். காய்ச்சல், தொண்டை வலி, ஆங்காங்கே முடி கொட்டுதல், பிறப்புறுப்பைச் சுற்றி ஈரமான தட்டைப் பருக்கள் ஆகியவையும் வரலாம். மருந்து ஒவ்வாமை, அம்மை, தோல் நோய் என்று பலவாறாகத் தவறாக எண்ணப்படும் கட்டம் இது. இதுவும் தானாகவே மறையும். அதன் பிறகு ரத்தப் பரிசோதனையில் மட்டுமே தெரியும் உறக்கநிலை ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துச் சிலருக்கு இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி வீங்கும். சிலருக்கு மூளையும் தண்டுவடமும் பாதிக்கப்பட்டு நடை தள்ளாடும், அறிவு பிறழும். கண்ணையும் காதையும் இது எந்தக் கட்டத்திலும் தாக்கக்கூடும்.

சிகிச்சை பெறாதவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் பிற்கால விளைவுகள் வருகின்றன என்பதை உலகம் நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் கற்றது. 1891 முதல் 1910 வரை அங்கே சீசர் பெக் என்ற மருத்துவர், அன்றைய பாதரசச் சிகிச்சை நன்மையைவிடத் தீமையே செய்கிறது என்று கருதி, ஏறத்தாழ இரண்டாயிரம் நோயாளிகளுக்கு அதைக் கொடுக்காமல் விட்டார். அன்று நல்ல மருந்து எதுவும் இல்லை என்பதால் அந்த முடிவை நியாயப்படுத்த முடியும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகியில் 1932இல் தொடங்கிய ஆய்வுக்கு அந்த நியாயம் கிடையாது. சிபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களை அரசின் பொதுச் சுகாதாரத் துறை சிகிச்சையின்றி 'கவனித்து' வந்தது. 1943இல் பென்சிலின் சிபிலிஸைக் குணப்படுத்துவது தெரியவந்து, சில ஆண்டுகளில் அது எங்கும் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. பீட்டர் பக்ஸ்டன் என்ற ஊழியர் பத்திரிகைக்குத் தகவல் தந்ததால் 1972இல் அது வெளியே வந்து நின்றது. ஆய்வுக்கு உட்படும் மனிதரின் ஒப்புதல் குறித்து இன்று உலகெங்கும் உள்ள விதிகள் பலவற்றுக்கு அந்தக் கொடுமை ஒரு காரணம்.

இன்றும் மருந்து அதே பென்சிலின்தான். தொடக்கக் கட்டங்களில் 24 லட்சம் யூனிட் பென்சாதைன் பென்சிலின் ஒரே தவணையாகத் தசையில் போடப்படுகிறது. எப்போது தொற்றியது என்று தெரியாத உறக்கநிலையில் வாரம் ஒன்றாக மூன்று தவணை. எண்பது ஆண்டுகளாகியும் இந்தக் கிருமி பென்சிலினுக்கு எதிர்ப்புப் பெறவில்லை. மருத்துவத்தில் அரிதாகக் கிடைக்கும் நற்பேறு அது. ஊசி போட்ட அன்று காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். கிருமிகள் ஒருசேர மடிவதால் எழும் எதிர்வினை அது. ஒரு நாளில் அடங்கிவிடும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

சென்னையில் கண்டறியப்பட்டது

ஐரோப்பாவில் 1495இல் நேப்பிள்ஸ் முற்றுகையின்போது பெருந்தொற்றாக வெடித்த சிபிலிஸ், சில ஆண்டுகளிலேயே கடல்வழி வணிகர்களோடு இந்தியக் கரைகளை அடைந்தது. சித்த மருத்துவத்தில் அதற்குக் கொடுக்கப்பட்ட சீனக் கிழங்கு இன்றும் நாட்டுமருந்துக் கடைகளில் பறங்கிப்பட்டை என்ற பெயரில்தான் விற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசு இந்த நோயைத் தன் படைவீரர்களின் உடல்நலப் பிரச்சினையாக மட்டுமே பார்த்தது. சென்னை மாகாணத்தின் ராணுவ முகாம்களை ஒட்டிப் பால்வினை நோய்க்கான 'லாக்' மருத்துவமனைகள் எழுந்தன. 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் பாலியல் தொழில் செய்யும் பெண்களைப் பதிவு செய்யவும் கட்டாயமாகப் பரிசோதிக்கவும் வழி செய்தது. அந்தப் பெண்களிடம் வந்த வீரர்கள்மீது அத்தகைய கட்டாயம் இல்லை. ஒரு பாதியைப் பூட்டி வைத்து மறு பாதியைத் திறந்துவிட்ட ஏற்பாடு நோயைத் தடுக்கவில்லை. பெண்களை மறைந்து வாழவே வைத்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு 1888இல் சட்டம் நீக்கப்பட்டது. பால்வினை நோய் என்றாலே 'கெட்ட பெண்களிடமிருந்து வருவது' என்ற எண்ணம் மட்டும் சட்டத்தோடு நீங்கிவிடவில்லை.

அறிவியல் தரப்பில் சென்னைக்கு வேறொரு பெருமை உண்டு. கருங்காய்ச்சலின் ஒட்டுண்ணியை அடையாளம் கண்டவர்களில் ஒருவரான சார்லஸ் டோனோவன், 1905இல் சென்னையில் பால்வினைப் புண் ஒன்றின் திசுவில் புதிய கிருமி உடல்களைக் கண்டார். இறைச்சிபோல் சிவந்து, தொட்டால் ரத்தம் கசிந்து, வலியே இல்லாமல் மெல்லப் பரவும் அந்தப் புண் பின்னாளில் அவர் பெயரால் டோனோவனோசிஸ் எனப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 1954இல், இந்த நோயைப் பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் நூலை எழுதியவர்களும் சென்னை மருத்துவர்களே: ஆர்.வி. ராஜம், பி.என். ரங்கையா. அசித்ரோமைசின் போன்ற மருந்துகள் வந்த பிறகு இந்த நோய் இன்று அரிதாகிவிட்டது.

வலிக்கும் புண்களும் உண்டு. சாங்கிராய்டு என்பதில் சீழ் பிடித்த, ஓரம் கிழிந்த புண்கள் வரும். தொடையிடுக்கில் அரையாப்பு கட்டி உடையும். இதுவும் இப்போது குறைவு. ஹெர்ப்பிஸ் அப்படிக் குறையவில்லை. தொற்றிய 2 முதல் 12 நாட்களில் சிறு கொப்புளங்கள் கொத்தாகத் தோன்றி, உடைந்து, எரிச்சலான புண்களாகி இரண்டு மூன்று வாரத்தில் ஆறும். வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்புமுடிச்சில் தங்கி, காய்ச்சலோ களைப்போ மன அழுத்தமோ வரும்போது மீண்டும் தலைகாட்டும். அசைக்ளோவிர் வகை மருந்துகள் அதன் தாக்கத்தையும் எண்ணிக்கையையும் குறைக்கும், வைரஸை வெளியேற்றாது. புண் இல்லாத நாட்களிலும் தோலிலிருந்து வைரஸ் உதிர்ந்து பரவக்கூடும். எந்தப் புண்ணாக இருந்தாலும் அது திறந்த வாசல், எச்.ஐ.வி. நுழைவதற்கான வாய்ப்பு அதனால் பெருகுகிறது.

சீழும் வெள்ளைப்படுதலும்

கொனோரியா ஆண்களுக்கு இரண்டு முதல் ஏழு நாட்களில் வெளிப்படும். மஞ்சள் நிறச் சீழ் வடியும், சிறுநீர் கழிக்கையில் கடுமையாக எரியும். நம் வீடுகளில் சிறுநீர் எரிந்தால் சூட்டுக்கடுப்பு என்று இளநீரும் வெந்தயமும் கொடுப்பது வழக்கம். வெயிலில் அலைந்து தண்ணீர் குடிக்காமல் வரும் எரிச்சலுக்கு அது போதும்தான். சீழ் வடிந்தால் அது சூடு அல்ல. கிளமிடியா இதைவிட மெதுவானது: ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழித்துக் கலங்கலான நீர், லேசான எரிச்சல், அல்லது எதுவுமே இல்லை. டிரைக்கோமோனியாசிஸ் ஓர் ஒற்றைச்செல் ஒட்டுண்ணியால் வருவது. பெண்களுக்கு நுரைத்த, பச்சை கலந்த மஞ்சள் நிறப்போக்கும் அரிப்பும் நாற்றமும் தரலாம். ஆண்கள் பெரும்பாலும் அறியாமலே சுமப்பார்கள்.

பெண்களில் கொனோரியாவும் கிளமிடியாவும் செய்யும் தீங்கு கருப்பை வாயோடு நிற்பதில்லை. கிருமிகள் மேலேறிக் கருக்குழாய்களில் அழற்சியை உண்டாக்குகின்றன. அடிவயிற்று வலி, காய்ச்சல், உறவின்போது வலி, உறவுக்குப் பின் ரத்தக்கசிவு ஆகியவை வந்தால் அது உடனே கவனிக்க வேண்டிய நிலை. அழற்சி ஆறும்போது குழாயின் உட்சுவர் தழும்பாகி அடைபடும். முழுதும் அடைபட்டால் கரு உண்டாகாது. பாதி அடைபட்டால் கரு குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். கணவன் வெளியே பெற்று வந்த தொற்றின் தழும்பை உள்ளே சுமந்துகொண்டு, 'குழந்தை பெறாதவள்' என்ற பழியையும் சுமக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மருத்துவத்தின் எந்தப் பகுதியிலும் இவ்வளவு பெரிய அநீதி இவ்வளவு அமைதியாக நடப்பதில்லை.

அதே நேரத்தில் வெள்ளைப்படுதல் எல்லாமே பால்வினை நோய் அல்ல என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மாதச் சுழற்சியின் நடுவில் வரும் தெளிந்த, நாற்றமில்லாத கசிவு இயல்பானது. கேண்டிடா என்ற பூஞ்சையால் தயிர்போல் திரிந்து அரிப்போடு வருவதும், பெண்ணுறுப்பின் இயல்பான நுண்ணுயிர்ச் சமநிலை குலைந்து மீன் வாடையோடு வருவதும் சிகிச்சை தேவைப்படுபவை. ஆனால் ஒருவரின் ஒழுக்கத்துக்கு அவை சாட்சி அல்ல. சர்க்கரை நோயும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளும்கூடப் பூஞ்சையைத் தூண்டும். உள்ளே சோப்பு, டெட்டால் போட்டுக் கழுவுவது காப்பாக நிற்கும் நல்ல பாக்டீரியாக்களை அழித்து நிலைமையை மோசமாக்குகிறது.

கொனோரியாவுக்கான சிகிச்சை நாளுக்கு நாள் கடினமாகி வருகிறது. 1930களில் சல்ஃபா மருந்துகள் அதை வென்றன, பத்தாண்டுகளுக்குள் பலனிழந்தன. பிறகு பென்சிலின், டெட்ராசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் என ஒவ்வொன்றையும் கிருமி கடந்து வந்துவிட்டது. இப்போது நம்பிக்கைக்குரியதாக எஞ்சியிருப்பது செஃப்ட்ரையாக்சோன் ஊசி. அதற்கும் கட்டுப்படாத தொற்று 2018இல் பிரிட்டனில் ஒருவருக்குக் கண்டறியப்பட்டது. மருந்துக்கடையில் அறிகுறியைச் சொல்லி இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது தனக்குத் தானே செய்யும் தீங்கோடு முடிவதில்லை. அரைகுறை மருந்தில் பிழைத்த கிருமி அடுத்தவரிடம் போகும்போது அந்த மருந்தை வெல்லக் கற்றுக்கொண்டே போகிறது.

இந்திய அரசு மருத்துவமனைகளில் ஆய்வக வசதியில்லாத இடங்களுக்காக அறிகுறித் தொகுதியை வைத்துச் சிகிச்சை தரும் முறை பின்பற்றப்படுகிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு ஏழு வண்ண மருந்துப் பெட்டிகளை வழங்குகிறது. சீழ் வடிதலுக்குச் சாம்பல், பெண்ணுறுப்புக் கசிவுக்குப் பச்சை, ஹெர்ப்பிஸ் அல்லாத புண்ணுக்கு வெள்ளை, பென்சிலின் ஒவ்வாதவர்களின் புண்ணுக்கு நீலம், ஹெர்ப்பிஸுக்குச் சிவப்பு, அடிவயிற்று வலிக்கு மஞ்சள், அரையாப்புக்குக் கறுப்பு. வந்த அன்றே இலவச மருந்து, மருத்துவர் கண் முன்னால் முதல் தவணை என்பது பெரிய வசதி. தயங்கித் தயங்கி ஒரு முறை வந்தவர் சோதனை முடிவுக்காக மறுமுறை வருவார் என்று நம்ப முடியாது. இம்முறையின் வரம்பும் கண்கூடானது. அறிகுறி உள்ளவரையே அது எட்டும்; அறிகுறி இல்லாத பெரும்பான்மைக்குப் பரிசோதனையைத் தவிர வேறு வழியில்லை.

வைரஸ்கள்: எச்.பி.வி., எச்.ஐ.வி.

எச்.பி.வி. என்பது ஒரு பெரிய வைரஸ் குடும்பம். உறவு வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்வில் ஒரு முறையாவது அது தொற்றி, ஓரிரு ஆண்டுகளில் உடலாலேயே நீக்கப்படுகிறது. 6, 11 ஆகிய வகைகள் பிறப்புறுப்பு மருக்களை உண்டாக்கும். அவை புற்றாக மாறுவதில்லை. 16, 18 ஆகிய வகைகள் நீங்காமல் தங்கினால் பதினைந்து இருபது ஆண்டுகளில் கருப்பை வாய்ப் புற்றுநோயாகலாம். அந்தப் புற்றில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இவ்விரண்டுமே காரணம். இந்தத் தொடர்பை நிறுவிய ஜெர்மன் அறிவியலாளர் ஹரால்டு சூர் ஹாவ்சன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் புற்று கண்டறியப்படுகிறது. ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறக்கின்றனர்.

இத்தனை மரணங்களையும் எளிய வழியில் குறைக்க முடியும் என்று காட்டிய ஆய்வு திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது. 2000ஆம் ஆண்டு முதல் அம்பிளிக்கை கிறித்தவ மருத்துவ மையத்தை மையமாகக் கொண்டு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். சமையலறை வினிகரில் இருக்கும் அதே அமிலம். மாறுதலடைந்த திசு ஒரு நிமிடத்தில் வெளுத்துக் காட்டும். முப்பதாயிரத்துக்கும் அதிகமான பெண்கள் ஒரே ஒருமுறை இவ்வாறு பரிசோதிக்கப்பட்டனர். 2007இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவுப்படி, ஒப்பீட்டுக் குழுவைவிடப் பரிசோதனை வழங்கப்பட்ட குழுவில் கருப்பை வாய்ப் புற்று மரணங்கள் 35 விழுக்காடு குறைவு. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் ஒரு கிராமப்புறச் செவிலியரால் இதைச் செய்ய முடிந்தது என்பதே இதன் சிறப்பு.

தடுப்பூசி 2006இலேயே வந்துவிட்டது. 9 முதல் 14 வயதுக்குள், உறவு வாழ்க்கை தொடங்குமுன் போடும்போது பலன் அதிகம். ஒரு தவணையே போதிய காப்புத் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது. அதே ஆண்டில் இந்தியாவில் உருவான 'செர்வாவாக்' ஒப்புதல் பெற்றது. பாலியல் தொடர்பான ஊசியைச் சிறுமிக்கு எதற்குப் போட வேண்டும் என்று தயங்கும் பெற்றோர், பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போடப்படும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் உடலுறவால் பரவக்கூடிய நோய்க்கு எதிரானதே என்பதை நினைத்துப் பார்க்கலாம். நோய் எப்போது வரும் என்று காத்திருந்து போடுவதல்ல தடுப்பூசி.

எச்.ஐ.வி. இந்தியாவில் இருப்பது முதன்முதலில் 1986இல் சென்னையில் தெரியவந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன், அவருடைய மாணவி நிர்மலா செல்லப்பன் ஆகியோர் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தபோது அது உறுதியானது. இந்தியாவில் இப்படியொரு நோய் வராது என்று பலரும் நம்பிய காலம் அது. எச்.ஐ.வி. தொற்றிய சில வாரங்களில் காய்ச்சல், தொண்டை வலி, தடிப்பு என வைரல் காய்ச்சலைப்போல் வந்து போகும். பிறகு எட்டுப் பத்து ஆண்டுகள் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே நோய் எதிர்ப்பு அணுக்கள் குறைந்துகொண்டே வரும்.

2011இல் வெளியான எச்.பி.டி.என். 052 என்ற பன்னாட்டு ஆய்வில் சென்னையும் ஒரு களம். தம்பதியரில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்த 1,763 இணைகள் அதில் பங்கேற்றனர். தொற்றுள்ளவர் உடனே எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து தொடங்கியபோது, இணைக்குப் பரவுவது 96 விழுக்காடு குறைந்தது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவர், உடலுறவின் மூலம் அதைப் பிறருக்குப் பரப்புவதில்லை என்பது அடுத்தடுத்த ஆய்வுகளிலும் உறுதியானது. 2017 முதல் இந்தியாவில் தொற்று கண்டறியப்பட்ட எவருக்கும் காத்திருப்பின்றி இலவச மருந்து தொடங்கப்படுகிறது.

பரிசோதனையும் தடுப்பும்

எந்தப் பரிசோதனையும் தொற்றிய மறுநாளே விடை சொல்லாது. எச்.ஐ.வி.க்கு இப்போதைய நான்காம் தலைமுறைச் சோதனை சுமார் ஆறு வாரத்தில் பெரும்பாலான தொற்றுகளைக் காட்டிவிடும். சிபிலிஸுக்கு மூன்று மாதம் வரை மறுசோதனை தேவைப்படலாம். கிளமிடியா, கொனோரியாவுக்கு மரபணுச் சோதனை நம்பகமானது. ஆணுக்குச் சிறுநீர், பெண்ணுக்குப் பஞ்சுக்குச்சியால் எடுத்த கசிவு போதும். வாய் வழி, ஆசனவாய் வழி உறவு இருந்தால் அங்கிருந்தும் எடுக்க வேண்டும். இதைச் சொல்லக் கூசி மறைத்தால் தொற்றும் மறைந்தே இருக்கும். சிபிலிஸில் வி.டி.ஆர்.எல். என்ற ரத்தச் சோதனை காட்டும் அளவு சிகிச்சைக்குப் பின் குறையும். நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு சிபிலிஸ் சோதனை குணமானவருக்கும் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் 'பாசிட்டிவ்' என்றே காட்டும். வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் இந்த வேறுபாடு தெரியாமல் கலங்கிப்போகிறவர்கள் உண்டு.

தடுப்பில் ஆணுறைக்கு முதலிடம். சரியாக, ஒவ்வொரு முறையும் பயன்படுத்தினால் எச்.ஐ.வி., கொனோரியா, கிளமிடியா ஆகியவற்றிலிருந்து மிக நல்ல பாதுகாப்புத் தரும். தோலோடு தோல் உரசிப் பரவும் ஹெர்ப்பிஸ், எச்.பி.வி., சிபிலிஸ் ஆகியவற்றில் உறை மூடாத பகுதியும் இருப்பதால் பாதுகாப்புச் சற்றுக் குறைவு, ஆனாலும் கணிசமானது. தேங்காய் எண்ணெய், வாசலின் போன்றவை ரப்பர் உறையைச் சில நிமிடங்களில் பலவீனமாக்கிக் கிழித்துவிடும். நீர் சார்ந்த வழவழப்புப் பொருளே ஏற்றது. கருத்தடை மாத்திரைக்கும் காப்பர்-டிக்கும் தொற்றைத் தடுக்கும் ஆற்றல் இல்லை. உறவு முடிந்ததும் கழுவுவதும் தடுக்காது. கழிப்பறை இருக்கை, ஒரே தட்டில் உண்பது, கைகுலுக்குவது ஆகியவற்றால் இவை பரவுவதும் இல்லை.

எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ளும் மருந்து தொற்றைத் தடுக்க உதவும். எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களை முதலில் சந்திக்கும் எவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஒருவருக்குச் சிகிச்சை அளித்து இணையை விட்டுவிடுவது பாதிச் சிகிச்சைகூட இல்லை. மருந்து முடிந்த வாரமே பழைய தொற்று இணையிடமிருந்து திரும்பி வரும். ஆகவே இருவரும் ஒரே காலத்தில் மருந்து எடுத்துக்கொண்டு, முடிந்த பின் ஒரு வாரம் உறவைத் தவிர்க்க வேண்டும். மூன்று மாதம் கழித்து மீண்டும் பரிசோதிப்பது நல்லது. மனைவியிடம் எப்படிச் சொல்வது என்பதே ஆண்கள் பலரைத் தடுக்கிறது. அதற்கு உதவவே அரசு மருத்துவமனைகளில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதையும், ஒருவரின் நிலையை வெளியிடுவதையும், வேலையிலோ பள்ளியிலோ மருத்துவமனையிலோ பாகுபாடு காட்டுவதையும் தடை செய்கிறது. இவை இருந்தும் லாட்ஜ் அறையில் தங்கி விளம்பரம் செய்யும் போலி வைத்தியர்களிடம் இளைஞர்கள் போவதற்கு, பொது மருத்துவமனையில் தமக்கு மரியாதை கிடைக்காது என்ற அச்சமே பெரிய காரணம். அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்றும் சொல்லிவிட முடியாது. நோயாளியிடம் கேட்கப்படும் கேள்வியின் தொனியும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

கருவில் இருக்கும் குழந்தைக்குத் தாயிடமிருந்து தொற்று செல்வதைத் தடுப்பதில் மருத்துவத்தால் மிகத் தெளிவான வெற்றி பெற முடியும். சிகிச்சை பெறாத சிபிலிஸ் உள்ள தாய்க்குக் கருச்சிதைவோ, இறந்த பிறப்போ, எலும்பும் கல்லீரலும் கண்ணும் பாதித்த குழந்தையோ நேரலாம். 2022இல் உலகில் சுமார் 11 லட்சம் கர்ப்பிணிகளுக்கு இந்தத் தொற்று இருந்தது. அதனால் விளைந்த கேடான பிரசவங்கள் 3.9 லட்சத்துக்கும் மேல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இலங்கை, கர்ப்பிணிகள் அனைவரையும் ஆரம்பத்திலேயே பரிசோதிக்கும் வலுவான தாய்சேய் நலக் கட்டமைப்பின் துணையால், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் சான்று பெற்றது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்திலேயே ஒரு துளி ரத்தத்தில் இரண்டுக்கும் சேர்த்துச் சோதிக்க இப்போது வழி இருக்கிறது. சிபிலிஸ் உறுதியானால் தாய்க்குப் பென்சிலினே மருந்து. ஒவ்வாமை இருந்தாலும், மருத்துவக் கண்காணிப்பில் அந்த ஒவ்வாமையைத் தணித்துப் பென்சிலினையே தருகிறார்கள். கருவிலுள்ள குழந்தையைச் சென்றடைந்து குணப்படுத்தும் நம்பகமான மருந்து வேறில்லை. பிரசவத்துக்கு 30 நாட்களுக்கு முன்பாவது அந்தச் சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும். தவறினால், பிறந்த குழந்தை வெளியே நலமாகத் தோன்றினாலும் அதைப் பரிசோதித்து, பத்து நாட்கள் வரை பென்சிலின் கொடுக்க வேண்டியிருக்கும்.